திர்சா கொடுக்க மறுத்த இருபது அடி

கருமூக்கு முனைக்கு மேலே, ட்ரெவாஸ் பண்ணையில், திர்சா நான்கிவெல் நாற்பத்தொரு வருடம் ஆடு வளர்த்தார். கார்ன்வாலின் வடக்குக் கரையில் எங்கள் பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் கடலில் போய்த்தான் முடிகின்றன. முதலில் வயல். பிறகு கம்பிவேலி. வேலிக்கு வெளியே ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு பாதை. அதற்கப்புறம் இருநூற்றைம்பது அடி கீழே தண்ணீர். நடக்கிற உரிமை ஊர் உலகத்துக்கெல்லாம் உண்டு. நிலம் மட்டும் பண்ணைக்காரருடையது.

நான் பெரன். அடுத்த பண்ணையில் பிறந்தவன். குழாய் வேலை பார்க்கிறேன், கடல் விட்டுக் கொடுக்கிற மாதங்களில் நண்டுக் கூடு போடுவேன். ஊர்க் கயிற்றுக் குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். பாறையிலிருந்து யாராவது விழுந்தால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது எங்கள் பொறுப்பு. திர்சாவின் கதையில் நானும் கொஞ்சம் இருக்கிறேன். இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திர்சா குள்ளமான ஆள். கை மட்டும் ஆண்பிள்ளைக் கை. கணவர் கார்ஃபீல்டு வாய் திறந்து நான் கேட்டதே குறைவு. அவருக்கும் சேர்த்து திர்சாவே பேசுவார். ஒருமுறை கோயில் போதகர் வந்து, “கார்ஃபீல்டு எங்கம்மா?” என்று கேட்டதற்கு, “இங்கதான் எங்கயாவது தலையாட்டிக்கிட்டு நிப்பாரு, தேடிப் பாருங்க” என்றார். அந்த மனிதர் நுரையீரல் கெட்டு இறந்தபின் ஒன்பது வருடம் திர்சா தனியாகவே பண்ணையைப் பார்த்தார். பிள்ளைகள் இல்லை.

எங்கள் பாறை ஸ்லேட்டுப் பாறை. அதன்மேல் ஒரு ஆள் உயரத்துக்குக் களிமண். குளிர்காலத்தில் மழைத் தண்ணீர் களிமண்ணுக்கும் பாறைக்கும் நடுவே இறங்கும். கீழேயிருந்து அலை குடையும். எப்போதாவது ஒருநாள் வயலின் ஓரம் கழன்று போகும். பாதை போய்விட்டால் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுப் புதுப் பாதைக்கு இடம் கொடுக்க வேண்டும். கார்ஃபீல்டின் அப்பா ஒருமுறை கொடுத்தார். கார்ஃபீல்டு ஒருமுறை கொடுத்தார். மூன்றாவது முறை திர்சாவிடம் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றார்.

காரணம் நிலத்தின் மேலிருந்த ஆசை இல்லை. அதற்கு முந்தைய பிப்ரவரியில், நடக்க வந்த யாரோ ஒருவரின் நாய் சங்கிலியில்லாமல் வேலிக்குள் புகுந்தது. குட்டி சுமந்த ஆறு ஆடுகளை ஓரத்துக்கு விரட்டியது. ஆறும் விழுந்தன. நாயின் சொந்தக்காரர் கையில் சங்கிலியை வைத்துக்கொண்டு விசிலடித்தபடி நின்றாராம். திர்சா ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை. கடல் உள்வாங்கியதும் நானும் திர்சாவும் கீழே இறங்கினோம். ஒரு ஆடு மட்டும் முதுகு உடைந்து உயிரோடு கிடந்தது. வயிற்றுக்குள் குட்டி அசைவது வெளியே தெரிந்தது. நான்தான் சுட்டேன். மேலே ஏறி முற்றத்துக்கு வந்ததும் திர்சா சொன்னார்:

“இனிமே நடக்க வர்றவங்களுக்கு என் மண்ணுல ஒரு அடி கிடையாது. எழுதி வச்சுக்கோ.”

அதற்கு அடுத்த குளிர்காலம், எங்கள் நினைவில் இருப்பதிலேயே மோசமான குளிர்காலம். கிறிஸ்துமஸிலிருந்து வாரத்துக்கு இரண்டு புயல். ஜனவரி நடுவில் நாலு நாள் கடல் அடங்கியது. அலை இழுத்துப்போன கூடுகளைத் தேடிப் படகில் போனேன். கருமூக்குக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். பாதைக்கு அடியில் மண்ணே இல்லை. பதினைந்து அடி நீளத்துக்கு வெறும் புல்வேர்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நடப்பவனுக்கு அது தெரியாது. பச்சைப் புல், பக்கத்தில் முட்புதர், அழகான பாதை.

நேராக ட்ரெவாஸுக்குப் போனேன். சமையலறையில் திர்சா கசப்பு ஆரஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார், மார்மலேடு ஜாமுக்கு.

“கீழ வெறும் காத்துதான் இருக்கு. நான் கண்ணால பாத்தேன். வேலிய இருபது அடி உள்ள தள்ளுங்க. நானே வந்து போட்டுத் தரேன்.”

“பாதை ஆபீசுல சொல்லு, செல்லம். பாதை அவங்களுது.”

“நிலம் உங்களுது. நீங்க சரின்னாத்தானே அவங்க தள்ள முடியும்?”

“அப்ப சுத்திப் போகச் சொல்லு. ரோடு இருக்கில்ல?”

“ரெண்டு மைல் சுத்து. யாரு போவா?”

“போகாதவன் விழட்டும்” என்றார். கத்தியை நிறுத்தவில்லை.

கோபத்தில் சொன்னது. மனதால் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னார், நான் கேட்டேன்.

பாதை அலுவலகத்தில் எண்பது மைலுக்கும் சேர்த்து டோங்கின் என்று ஒரே ஒரு மனிதர். நல்லவர், எப்போதும் சளிபிடித்தவர். அவர் வந்து பார்த்து, இரண்டு பக்கமும் நாடா கட்டி, எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டுப் போனார். திர்சாவுக்கு நிலம் கேட்டுக் கடிதம் எழுதினார். கடிதம் பதிலில்லாமல் திர்சா வீட்டுக் கடிகாரத்துக்குப் பின்னால் போயிற்று. இரண்டாவது கடிதமும் அங்கேதான் போயிற்று. நாடாவைக் காற்று முதல் வாரமே கிழித்துக்கொண்டு போனது. பலகை பிப்ரவரிப் புயலில் சாய்ந்து புதருக்குள் விழுந்தது. நான் ஒருமுறை நிமிர்த்தி வைத்தேன். இரண்டாவது முறை விழுந்ததைப் பார்த்தும், நாளைக்கு வைக்கலாம் என்று வேலைக்குப் போய்விட்டேன்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயில். ஹாலிஃபாக்ஸ் ஊரிலிருந்து நெவில் ஹெப்டன் என்பவரும் மனைவி மொரீனும் வந்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கரைப்பாதை முழுவதையும் வருடத்துக்கு ஒரு வாரமாக நடந்து முடிப்பது என்று இருவரும் ஆரம்பித்து அது ஆறாவது வருடம். நெவில் பத்தடி முன்னால் போனார். ஏதோ சொல்லத் திரும்பினார். மொரீன் பிற்பாடு என்னிடம் சொன்னார்: “தரை உக்காந்துச்சு, தம்பி. சத்தமே இல்ல. அவரு நின்ன இடம் அப்படியே கீழ உக்காந்துச்சு.”

மொரீன் தவழ்ந்து பின்வாங்கி, வயலைக் கடந்து பண்ணை வீட்டுக்கு ஓடி வந்தார். கதவைத் தட்டியதோடு கால் மடங்கி விழுந்துவிட்டார். திர்சா அவரை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, தன் கோட்டைப் போர்த்தி, தொலைபேசியில் எங்களை அழைத்துவிட்டு ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. திர்சா விளிம்பில் குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். அவர் படுத்திருந்த மண்ணிலேயே விரல் போகிற அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. தொண்ணூறு அடிக்குக் கீழே ஒரு திட்டில் நெவில் கிடந்தார். திர்சா சத்தமாக அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“இப்ப நீலப் படகு ஒண்ணு போகுது. பின்னாடி கடல்காக்கா ஒரு நாப்பது இருக்கும். இன்னைக்கு நல்ல மீனு போலிருக்கு. தீவு நல்லாத் தெரியுது. தீவுக்கு மேல ஒரே ஒரு மேகம், சப்பையா...”

நான் இறங்கினேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். உடம்பு சூடாக இருந்தது, நாடி இல்லை. மேலே கையசைத்துச் சொன்னேன். குழுத் தலைவர் திர்சாவிடம் சொன்னதையும் கேட்டேன். அப்புறமும் திர்சாவின் பேச்சு நிற்கவில்லை. படகு முனையைத் திரும்பி மறையும்வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

விசாரணையில் தற்செயல் மரணம் என்று முடிவு வந்தது. டோங்கின் அறிக்கையில் ‘நில உரிமையாளருடன் பேச்சு நடந்து வந்தது’ என்று ஒரு வரி. யாரும் அதை நோண்டவில்லை. மொரீன் முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வெளியே வந்ததும் கூட்டத்தில் திர்சாவைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டார்.

“அவரு தனியாச் சாகல. நீங்க இருந்தீங்க. அத நான் மறக்கவே மாட்டேன்.”

திர்சா கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கு மறுநாள் விடியும்போது சம்மட்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். திர்சா தனியாக வேலிக்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் போனேன். இருபது அடி என்று நான் கேட்டிருந்தேன்; அவர் அறுபது அடி தள்ளினார். வயலின் நல்ல பாகம் வெளியே போயிற்று. மூன்று நாள் வேலை. ஒருமுறைதான் பேசினார்: “மூணு நாள்ல முடியற வேலை.”

அன்றிலிருந்து தினமும் காலையில், ஆடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு, ஓர் இரும்புக் கம்பியோடு பாதையில் இறங்குவார். ட்ரெவாஸிலிருந்து ஓடைமுகம் என்ற ஊர் வரை மூன்று மைல். அந்த மூன்று மைலில் நான்கு பள்ளத்தாக்கு. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரப் படிகளில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி அதே உயரம் ஏற வேண்டும். வாலிபர்களே இரண்டாவது ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிர்க்காற்று அடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. மழைக்குப் பின் ஸ்லேட்டுச் சில்லுகள் சோப்பு மாதிரி. திர்சா பத்தடிக்கு ஒருதரம் கம்பியைக் குத்திப் பார்ப்பார். உள்ளே வெறுமையாக இறங்கினால் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். புது விரிசல் கண்டால் டோங்கினுக்குத் தொலைபேசி. அந்த மனிதர் என்னிடம் புலம்பினார்: “பெரன், எனக்கு என் சம்சாரம்கூட இத்தனை தரம் போன் பண்றதில்ல.”

நடக்க வருகிறவர்கள் சிரித்ததும் உண்டு. “என்ன பாட்டி, புதையலா?” என்று ஒருவன் கேட்டான். “ஆமா, உன்ன மாதிரி ஒருத்தன் ஏற்கெனவே கீழ புதைஞ்சிருக்கான். இந்தப் பக்கமா நட” என்றார்.

மொரீன் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்தார். முதல் வருடம் விடுதியில் தங்கினார். இரண்டாம் வருடத்திலிருந்து ட்ரெவாஸிலேயே. இரண்டு விதவைகளும் காலையில் அந்த மூன்று மைலை நடப்பார்கள். மொரீன் உயரம், மெலிவு, மூச்சுவிடாமல் பேசுவார். வாயாடியான திர்சா அவர் முன்னால் கேட்டுக்கொண்டு மட்டும் நடப்பார். ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் மார்மலேடு. கிறிஸ்துமஸுக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து கம்பளிக் காலுறை. பண்ணைக்கு யாரும் தங்க வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வாரத்துக்காக திர்சா ஜனவரியிலேயே மெத்தையை வெயிலில் போடுவார்.

நான்காம் வருட இலையுதிர் காலத்தில் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“மொரீன் மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டாவது பேரு என்ன வச்சிருக்காங்க தெரியுமா?”

“என்ன?”

“திர்சா.”

நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

“மார்ச்சுல சொல்லிடப் போறேன், பெரன். நீயும் கூட வா.”

“நான் எதுக்கு?”

“நான் கொறைச்சுச் சொன்னா நீ திருத்தணும். எனக்கு என் வாய் மேல நம்பிக்கை இல்ல.”

“சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தம்மா நிம்மதியா இருக்காங்க.”

“அந்தக் கொழந்தை பேரு என் பேரு” என்றார் மறுபடி.

மார்ச்சில் போனோம், மூன்று பேரும். காற்று பலமாக இருந்தது. வயலைக் கடந்து பாதைக்கு வந்தால் கருமூக்கு. அங்கே பழைய பாதை இருந்த இடம் இப்போது வெறும் வானம். மொரீன் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்து நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “குட்டிக்கு உன் மூக்கு வந்தாலும் வரும் திர்சா, பேரு வச்சா மூக்கும் வருமாம்” என்று சிரித்தார்.

“மொரீன், கொஞ்சம் உக்காரு.”

கல்சுவர் ஓரத்தில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். திர்சா சொன்னார். ஆடுகள், நாய், ஜனவரியில் நான் வந்தது, கடிகாரத்துக்குப் பின்னால் போன இரண்டு கடிதங்கள். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒன்றை விட்டுவிட்டார். அதை அவரே சொன்னார்:

“போகாதவன் விழட்டும்னு சொன்னேன். பெரன் சாட்சி.”

மொரீன் வெகுநேரம் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஜனவரியிலயா?”

“ஆமா.”

“ரெண்டு மாசம்.”

“ஆமா.”

“நெவிலுக்குத் தெரியுமா? கீழ கெடந்தப்ப அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். முதல்லயே சொன்னேன். என் தப்புதான்னு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘அதெல்லாம் இப்ப வேணாம்மா, மேல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க’ன்னாரு. அவரு கெடந்த எடத்துலருந்து பாறை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். அதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

மொரீன் எழுந்தார். உதடு வெளுத்திருந்தது.

“சாகப் போறவருக்குச் சொல்லியிருக்கீங்க. எனக்கு அஞ்சு வருஷம் மார்மலேடு போட்டுக் குடுத்தீங்க.”

“மொரீன்...”

“அந்தக் கொழந்தைய நான் இனிமே எப்படிங்க கூப்பிடுவேன்?”

மொரீன் திரும்பினார். பாதையில் கிழக்கே நடக்க ஆரம்பித்தார். முதல் பள்ளத்தாக்கின் படிகள் அன்று ஈரமாக இருந்தன. நான் ஓடிப்போய்க் கை நீட்டினேன்.

“நீங்களும் படகுலருந்து பாத்தீங்க, இல்ல?” என்றார். என் கையைத் தொடவில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். எதிர்ச்சரிவில் ஏறி அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைமுகத்தில் வாடகைக்கார் பிடித்து ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. ட்ரெவாஸில் விட்டுப்போன அவர் பெட்டியை நான் தபாலில் அனுப்பினேன். திர்சா அதை மடித்து அடுக்கிக் கொடுத்தார். மார்மலேடு வைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் மெத்தை வெயிலுக்கு வரவில்லை. ஆனால் பாதைக்குப் போவதை திர்சா நிறுத்தவில்லை. முழங்கால் வீங்கி, ஒரு மைலோடு திரும்ப வேண்டி வந்தபோதும் போனார். ஒருநாள் நான் கேட்டேன்: “சொல்லாம இருந்திருக்கலாமோன்னு தோணுதா?”

“தினமும் தோணுது” என்றார். “போன வாரம் முழுக்கத் தோணிச்சு. அந்தம்மா பேச்சு இல்லாம வீடு ரொம்பப் பெருசா இருக்கு.”

அதற்கடுத்த வருடம், குட்டி ஈனும் கொட்டகையில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போயின. பாட்மின் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே கடல் சத்தம் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஊர்ச் செய்திகளைச் சொல்வேன். அவர் இடது கையால் போர்வையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

நான் மொரீனுக்கு எழுதினேன். வரச் சொல்லி எழுதவில்லை. நிலைமை இது என்று மட்டும். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே தாள். அதை திர்சாவின் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

‘தகவலுக்கு நன்றி. மீதிப் பாதையை இரண்டு வருடங்களில் நடந்து முடித்துவிட்டேன். உங்கள் ஊர் மூன்று மைலைப் பேருந்தில் கடந்தேன். பேத்தி நலம். அவளை முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். பெயரை மாற்றவில்லை. மொரீன் ஹெப்டன்.’

திர்சா இடது கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி, நான் கிளம்பும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு நாள் கழித்து இறந்தார். கோயில் கல்லறைத் தோட்டத்தில் கார்ஃபீல்டுக்குப் பக்கத்தில் புதைத்தோம். கூட்டம் அதிகமில்லை. டோங்கின் வந்திருந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. மொரீனுக்குத் தெரிவித்தேன். அதற்குப் பதில் இல்லை.